நல்லா இருக்கிறவர்கள் பட்டியல்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை நான் திட்டாத நாள் கிடையாது. விடிந்தால் ரோஜாப்பூ, பக்கத்தில் ஒரு வேதவசனம். மத்தியானமானால் இஞ்சியையும் எலுமிச்சையையும் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை ஓடியே போய்விடும் என்று ஒரு வைத்தியம். சாயங்காலம் யாருடைய பேரனோ மொட்டை போட்ட படம். அதற்கு முப்பது பேர் கும்பிடு போடுவார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சத்தத்தை அடைத்துப் போட்டிருந்தேன். அந்த வேலை வெட்டி இல்லாதவர்கள்தான் என் அக்காவையும் மாமாவையும் எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் இதை எழுதும்போது கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

நான் கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. வீடு கள்ளக்குறிச்சியில். திங்கட்கிழமை விடியற்காலை கச்சிராயபாளையம் வழியாகப் போகிற வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் மலையை விட்டு இறங்குவேன். அக்கா இருந்தது மணலூர்பேட்டையில், ஆற்றுப் பக்கம் இறங்குகிற ஒரு தெருவில். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இல்லை. மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்து நான்கு வருடமாகியிருந்தது. அவருக்குப் பேச்சும் சரியாக வராது. கட்டில்தான் அவருக்கு ஊர், உலகம் எல்லாம்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் எப்போது எப்படிக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து வருகிற பதில் ஒன்றுதான். "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம்ங்க. நீங்க எப்படி இருக்கீங்க? சாப்டீங்களா?" ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர், "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். கை கொழுக்கட்டையாக வீங்கியிருக்கிறது. "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கேன் டாக்டர்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எங்கள் வீடுகளில் அது வெறும் மரியாதை இல்லை. நல்லா இல்லை என்று சொன்னால் ஆண்டவர் மேலேயே புகார் கொடுத்த மாதிரி. அம்மா எங்களை அப்படித்தான் வளர்த்தாள். எனக்கு அது ஒட்டவில்லை. நான் காலையில் எழுந்தவுடன் காப்பியில் ஆரம்பித்துப் படுக்கிற வரை குறை சொல்கிறவள். அக்காவுக்கு எலும்பு வரை ஒட்டிவிட்டது.

அந்த மழை ஒரு வெள்ளிக்கிழமை பிடித்தது. மத்தியானத்துக்குள் மலைப்பாதையில் இரண்டு வளைவுகளில் மண் சரிந்து, மரங்கள் குறுக்கே விழுந்துவிட்டன. பஸ் கீழேயே நின்றுவிட்டது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை அவர்களுடைய அப்பா அம்மா வந்து அழைத்துப் போய்விட்டார்கள். ஓடைகளைத் தாண்டிப் போக வேண்டிய பிள்ளைகள் மட்டும் பள்ளியிலேயே தங்கினார்கள். அவர்களோடு நானும், சமையல் செய்கிற அம்மாவும். அவர் மலைக்காரர். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் வயிற்றைக் கவனித்துக்கொள்கிறவர். சனிக்கிழமை கரண்டும் போய்விட்டது.

எங்கள் பள்ளியில் ஃபோன் பேச வேண்டுமென்றால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் ஏணிப்படியில் ஏற வேண்டும். கீழே நின்றால் ஒன்றும் கிடைக்காது. ஐந்தாவது படிக்கு மேலே ஒரு கோடு, எட்டாவது படியில் இரண்டு கோடு. ஞாயிற்றுக்கிழமை காலை குடையோடு எட்டாவது படியில் உட்கார்ந்து, கள்ளக்குறிச்சியில் வீட்டுக்காரரோடு பேசலாம் என்று ஃபோனைத் திறந்தேன். குடும்பக் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. மணலூர்பேட்டைப் பக்கம் பெண்ணையாறு. எனக்குத் தெரிந்து பாதி நாள் மணலாகவே கிடக்கிற ஆறு, பாலத்துக்குக் கீழே இடமே இல்லாமல் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் வழக்கம்போல வரிசையாகக் கும்பிடு. உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஆத்துல தண்ணி ஜாஸ்தியாமே? அங்க எப்படி?"

"கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம்டி. நீ இன்னா பண்ணிக்கினு இருக்க? மலையில குளிரா? பசங்க சாப்டுதுங்களா?"

"வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"கொஞ்சமா வந்துக்கினு இருக்குது. கட்டில் காலுக்குச் செங்கல்லு வெச்சிருக்கேன். மாமா தூங்குறாரு."

"எத்தினி கல்லு?"

"ரெண்டு ரெண்டு. மூணாவது வெக்கலாம்னு பாத்தேன். அவரோட சேத்துத் தூக்க முடியல."

துருவித் துருவிக் கேட்டதில்தான் எனக்கு முழுசாக விளங்கியது. பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் முந்தின நாள் சாயங்காலமே மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். மாமாவை ஏற்ற வண்டி கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அதற்குள் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது. அக்கா வீட்டுக்கு வெளிப்புறமாக மாடிப்படி உண்டு. அவள் ஏறலாம். மாமாவைத் தூக்கிக்கொண்டு அவளால் ஒரு படிகூட ஏற முடியாது.

"அக்கா, நீயாவது மாடிக்கு ஏறுக்கா!" என்று கத்தினேன்.

"சரிடி. போனை வெய்யி. உனக்குச் சார்ஜு கம்மியா இருக்கப் போவுது" என்று வைத்துவிட்டாள்.

நீயாவது ஏறு என்பதுதான் என் வாயில் வந்த வார்த்தை. வேறு ஒன்றும் தோன்றவில்லை. நான் இருக்கிற இடத்திலிருந்து மணலூர்பேட்டைக்கு நடந்து போக முடியாது, பறந்து போகவும் முடியாது. கையில் இருந்தது முப்பத்தொரு சதவீதம் சார்ஜும், நான் மதிக்காத நான்கு வாட்ஸ்அப் குழுக்களும்தான்.

எழுதினேன். பெண்ணையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது, அறுபத்தைந்து வயதுப் பெண்ணும் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவரும், சர்ச்சுக்குப் பின்னால் மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து, நீலக் கேட்டு. அக்காவின் நம்பர், என் நம்பர். தயவுசெய்து யாராவது போங்கள். குடும்பக் குழு, சர்ச் பெண்கள் குழு, ஆசிரியர் சங்கக் குழு, என்னோடு பத்தாவது படித்தவர்களின் குழு என்று நான்கிலும் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. பத்தே நிமிடத்தில் எனக்குத் தெரியாத ஊர்களிலிருந்து தெரியாத குரல்கள். "மேடம், நான் உளுந்தூர்பேட்டையிலேர்ந்து பேசறேன், யாராச்சும் போனாங்களா?" "சிஸ்டர், ஜெபம் பண்ணிக்கினு இருக்கோம்." "டீச்சர், நான் உங்ககிட்ட ஆறாவது படிச்சவன், இப்போ கோயமுத்தூர்ல இருக்கேன், எங்க மச்சான் அந்தப் பக்கம்தான், சொல்லியிருக்கேன்." பத்தாவதில் என் பின்சடையைப் பெஞ்சில் கட்டிவிட்டவன், முப்பத்தைந்து வருடமாக அவனோடு நான் பேசியதில்லை, தீயணைப்பு நிலையத்துக்கு நான்கு முறை கூப்பிட்டு, எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, வரிசையில் நம் பெயரும் இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கூடவே கூத்தும் நடந்தது. என் செய்தி கைமாறி எனக்கே திரும்பி வந்தபோது அதில் அக்காவுக்கு ஒரு பச்சைக் குழந்தை சேர்ந்திருந்தது. இன்னொன்றில் யாரோ படமும் ஒட்டிவிட்டார்கள். எந்த மாநிலத்து வெள்ளமோ, ஓட்டுக் கூரைமேல் ஓர் ஆட்டுக்குட்டியோடு நிற்கிற குடும்பம். வேறு நேரமாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அப்போது, குழந்தை இருந்தால்தான் போவீர்கள் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு என் ஃபோன் அணைந்தது. படியிலிருந்து இறங்கி அழுதுகொண்டு நின்றேன். சமையல்காரம்மா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அரை மணி நேரத்தில் திரும்பினார். மடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஐந்து ஃபோன்கள். ஊரில் வீடு வீடாகப் போய்ச் சார்ஜ் இருக்கிறதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்றில் கண்ணாடி உடைந்திருந்தது, ஒன்றில் ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"டீச்சரம்மா, உங்க சிம்மைக் கழட்டி இதுல போடுங்க. ஒண்ணு தீந்தா இன்னொண்ணு" என்றார். "போனைக் குடுத்தவங்க பேசணும்னா இன்னா பண்ணுவாங்க?" என்று நான் கேட்டேன். "மழை வுட்டதும் பேசிக்குவாங்க. நீங்க ஏறுங்க" என்று குடையை என் கையில் திணித்தார்.

ஃபோன் கொடுத்தவர்களில் ஒருத்தருக்கும் மலைக்குக் கீழே யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பதை நான் விசாரித்ததில்லை. அவர்களுக்கும் கவலை இருந்திருக்கும். சார்ஜை எனக்குக் கொடுத்துவிட்டு அந்தக் கவலையோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வாட்ஸ்அப் போய்விட்டாலும் கால் வந்துகொண்டிருந்தது. பதினோரு மணி சுமாருக்கு ஒரு பெண். சின்னக் குரல். சென்னையில் ஏதோ கம்பெனியில் வேலையாம், சொந்த ஊர் திருநாவலூர். அவளும் அவளுடைய சிநேகிதர்களும் அவரவர் அறையில் உட்கார்ந்துகொண்டு, உதவி கேட்டு வருகிற செய்திகளையெல்லாம் ஒரே பட்டியலாக்கி, ஒவ்வொரு நம்பருக்கும் பேசி, உண்மையா பழையதா என்று பார்த்து, படகோ வண்டியோ வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆபத்தில் இருக்கிற வீடு சிவப்பு. பிரச்சினை இல்லை என்றால் பச்சை.

"டீச்சர், கவலப்படாதீங்க. உங்க அக்கா சேஃப். லிஸ்ட்ல பச்சை போட்டாச்சு."

எனக்கு உயிர் வந்தது. கர்த்தாவே என்று படியிலேயே சாய்ந்துகொண்டேன். அப்புறம் ஏதோ உறுத்தியது.

"யாரும்மா போய்ப் பாத்தாங்க?"

"நாங்களே பேசினோம் டீச்சர். ரெண்டு பேர் தனித்தனியா பேசினோம். எப்படிம்மா இருக்கீங்கன்னு கேட்டோம். கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம்மா, நீ சாப்டியான்னு கேட்டாங்க."

நான் போட்ட சத்தத்தில் சமையல்காரம்மா கீழிருந்து எட்டிப் பார்த்தார். "அவ சாகக் கெடந்தாலும் அதைத்தான்மா சொல்லுவா! சவப்பெட்டிக்குள்ள இருந்துக்கினு கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா! அத கேட்டுக்கினு பச்சை போட்டீங்களே, உங்களுக்கு அறிவு இருக்குதா?"

கத்தி முடித்த பிறகுதான் எனக்குத் திக்கென்றது. சம்பளம் இல்லாமல், சாப்பிடாமல், முன்பின் தெரியாதவர்களுக்காக உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத் திட்டிவிட்டேன். வைத்துவிட்டுப் போனால் நான் என்ன செய்ய முடியும்? அவள் வைக்கவில்லை.

"சாரி டீச்சர். அப்போ நான் இன்னா கேக்கணும், சொல்லுங்க" என்றாள்.

முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பிழைக்கிறவள் நான். கேள்வியை எப்படிக் கேட்பது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. "எப்படி இருக்கீங்கன்னு மட்டும் கேட்காத கண்ணு. கண்ணால பாக்கறத கேளு. தண்ணி கட்டில்ல எதுவரைக்கும் இருக்குது, அடுப்பு தெரியுதா, வாசப்படி தெரியுதா, அந்த மாதிரி கேளு" என்றேன். அவள் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "எங்க சித்தப்பா கரும்பு டிராக்டர் ஓட்றாரு டீச்சர். மழையால வெட்டு இல்ல, வண்டியெல்லாம் சும்மாதான் நிக்குது. டிரைவருங்க குரூப்ல போடச் சொல்றேன். லைன்லயே இருங்க, இல்ல, வெய்ங்க, சார்ஜ் வேணும்" என்று அவளே வைத்தாள்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டாள். குரலே மாறியிருந்தது. கட்டில் சட்டம் நனைய ஆரம்பித்துவிட்டது, அடுப்பு தெரியவில்லை, அக்கா தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டு மாமாவின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மணலூர்பேட்டையை அடுத்த ஊரில் ஒரு டிரைவர் கிளம்பிவிட்டார், கூட இரண்டு ஆட்கள் ஏறியிருக்கிறார்கள். "எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சாங்க டீச்சர். ஒண்ணையும் மறைக்கல" என்றாள்.

எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்னப் பெருமை. கேள்வி நம்முடையதல்லவா.

இன்னொன்றும் செய்தாள் அந்தப் பெண். பட்டியலில் பச்சை போட்ட எல்லா வீடுகளுக்கும் அவளும் அவள் கூட்டமும் மறுபடி முதலிலிருந்து ஃபோன் போட்டார்கள். இந்த முறை யாரையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. தண்ணீர் எதுவரை என்று கேட்டார்கள். "இருக்கோம்பா, பரவால்ல" என்று முதலில் சொன்ன ஒரு பெரியவர் பரண்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொல்லியிருக்கிறார். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல, வேற யாருக்காச்சும் பாருங்க" என்ற ஓர் அம்மா வீட்டில் பின்சுவர் விழுந்திருக்கிறது. சிவப்பாக மாறிய வீடுகள் கொஞ்சநஞ்சமில்லையாம். நாம் சாவு வீட்டில்கூட வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற ஜனம். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று கழுத்தளவு தண்ணீரிலும் பரவாயில்லை என்போம். பட்டியல் போடுகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் காத்திருந்த நேரத்தை நான் எழுதப் போவதில்லை. மூன்று ஃபோன் தீர்ந்தது. சமையல்காரம்மா கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்து, குடிக்கும்வரை ஏணியடியிலேயே நின்றார். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

மூன்று மணி தாண்டி ஒரு புது நம்பர். பின்னால் இஞ்சின் சத்தம்.

"டீச்சருங்களா? ஏத்திட்டோம்ங்க. ரெண்டு பேரையும் ஏத்திட்டோம்ங்க. ஐயா நல்லா முழிச்சுக்கினு இருக்காரு. அம்மா எங்களுக்கு டீ வெச்சுக் குடுக்க முடியலியேன்னு பொலம்பிக்கினு வர்றாங்க."

நான் எட்டாவது படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கீழே பிள்ளைகள் மழையில் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இப்படி அழுது அவர்கள் பார்த்ததில்லை.

பாதையில் மரத்தை வெட்டி ஆள் நடக்கிற அளவுக்கு வழி விட இரண்டு நாளானது. மண்சரிவை நடந்து தாண்டி, கீழே வந்து பஸ் மாறி மாறி, மணலூர்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பு அறையில், கரும்பலகைக்குக் கீழே, அதே கட்டிலில் மாமா. பக்கத்தில் பெஞ்சில் அக்கா, யாருடைய நைட்டியையோ போட்டுக்கொண்டு. "வாடி, சாப்டியா?" என்றாள். அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டு, பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டேன். மாமா வலது பக்க வாயால் சிரித்தார்.

டிராக்டர்காரரை அன்றைக்கே தேடிப் போய்ப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், கூச்சம். நான் கையெடுத்துக் கும்பிட்டதும் இரண்டடி பின்னால் போய்விட்டார். "கட்டிலு மூணே கால் அடி, வாசக்கால் மூணடிதாங்க. முன்னாடியே தெரிஞ்சதால கடப்பாறை எடுத்துக்கினு போனோம். கதவைக் கழட்டி, அம்மா பொடவையால ஐயாவைக் கட்டிலோட கட்டி, ஒருக்களிச்சு வெளிய எடுத்தோம். கரும்பு ஏத்தற கைங்க, இதெல்லாம் ஒரு வெயிட்டா?" என்றார். ஒரு வாய் காப்பிகூட வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தச் செய்தி அதற்கப்புறமும் தனியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு எனக்குக் கால் வந்தது. வளைகுடாவிலிருந்து ஒருவர், குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். முகாமுக்கே வந்து, எங்கேம்மா அந்தக் குழந்தை என்று பால் பவுடர் டப்பாவோடு நின்றார்கள் ஒரு புருஷன் பெண்டாட்டி. முதலில் சலித்துக்கொண்டேன். பிறகு உறைத்தது. தெரியாத ஒருத்தியின் இல்லாத குழந்தைக்காக இவ்வளவு பேர் தூங்காமல் இருந்திருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு காலுக்கும் நின்று பதில் சொன்னேன். பால் பவுடர் முகாமில் இருந்த வேறொரு குழந்தைக்குப் போனது. இப்போது குடும்பக் குழுவில் ரோஜாப்பூ வந்தால் நானும் கும்பிடு போடுகிறேன்.

அக்காவும் மாமாவும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கீழ் அறை அவர்களுக்கு. ஒரு வருடமாக இந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை. கல்யாண வீட்டில், ஸ்டாஃப் ரூமில், சர்ச் வாசலில். தண்ணீரில் நின்றுகொண்டு நல்லா இருக்கேன் என்று சொன்ன என் அக்கா, இப்படிக் கேள் என்று சொல்லிக் கொடுத்த நான். அக்காவைப் போலவே குரலை மாற்றிப் பேசிக் காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த விருந்தாளிகளுக்குச் சொன்னேன். அவர்கள் போன பிறகு சமையலறையில் நான் பாத்திரம் துலக்க, அக்கா துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் பழக்கதோசத்துல சொல்லலடி."

"எத?"

"நல்லா இருக்கோம்னு சொன்னத. அன்னிக்குக் காலையில உன் சேதியப் பாத்து மொதமொதல்ல போன் பண்ண ஆளு, நடக்கறவங்க எத்தினி பேருன்னு கேட்டான். நான் ஒருத்தின்னேன். அப்போ உங்கள மொதல்ல கூட்டிக்கினு போயிடறோம்மா, படுத்தவர அடுத்த நடையில பாக்கலாம்னான். அவன் மேல தப்பு இல்ல. சின்னப் படகாம். ஆனா அடுத்த நடை வரும்னு யாரு கண்டா? அதனாலதான் அவன வர வேணாம்னுட்டு, அப்புறம் யாரு கேட்டாலும் நல்லா இருக்கோம்னேன்."

நான் குழாயை மூடினேன்.

"நீகூட, நீயாவது மாடிக்கு ஏறுன்னுதான சொன்ன" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அப்போ அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் ஏன்க்கா எல்லாத்தையும் சொன்ன?"

"தண்ணி எதுவரைக்கும்னு அது கேட்டப்போகூட நான் சொல்லலியே. பரவால்லம்மான்னுதான் சொன்னேன். அப்புறம் டிராக்டர்காரரு கேக்கச் சொன்னாருன்னு ஒண்ணு கேட்டுச்சு, கட்டில் எம்மாம் அகலம்மான்னு. அப்பதான்டி தெரிஞ்சுது, இவரையும் சேத்துத் தூக்கத்தான் வர்றாங்கன்னு. அதுக்கப்புறம் எதுக்கு மறைக்கணும்?"

கையிலிருந்த தட்டை அடுக்கில் வைத்தாள். மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாகிவிட்டது என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கீழ் அறைக்குப் போனாள். நானும் ஈரக் கையோடு பின்னாலேயே போனேன். அவள் தோள்பட்டையைப் பிடித்தாள், நான் இடுப்பைப் பிடித்தேன், இரண்டு பேருமாக அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம்.